பிள்ளையாருக்குக் கீழே ஒரு ஸ்விட்ச்

எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் என் மனுஷன் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு டிஃப் லொக்கைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார். எதிரே இருப்பவர் டொக்டரோ, கணக்காளரோ, கோயில் ஐயரோ, அதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. இரண்டு பப்படத்தை எடுத்து இரண்டு சில்லாக்கிக் காட்டுவார். கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சில்லு குறைய ஓட வேண்டும். அதற்காக இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற சாமான்தான் டிஃபரென்ஷியல். நல்ல ரோட்டில் அதனால் ஒரு கரைச்சலும் இல்லை. சேற்றிலோ ஸ்னோவிலோ ஒரு சில்லு வழுக்கினால், எஞ்சினின் பலம் முழுக்க அந்த வழுக்குகிற சில்லுக்கே போய்விடும். அது விசர் பிடித்துச் சுற்றும், பிடிப்போடு இருக்கிற மற்றச் சில்லு சும்மா நிற்கும். அப்போது லொக்கைப் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும், கார் வெளியே வரும். இதைச் சொல்லி முடித்துவிட்டு இரண்டு பப்படத்தையும் சேர்த்து நொறுக்கி வாயில் போடுவார். பக்கத்தில் இருந்து நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அந்த லொக் உள்ள காரை அவர் வாங்கியது எங்கள் கடையை விற்ற வருஷம். காலம் முழுக்கக் கடைக்குச் சாமான் ஏற்றுகிற வெள்ளை வானில் திரிந்த மனுஷன், ஒருநாள் காலை வெளியே போனவர், மதியம் ஒரு ஜப்பான் ஃபோர் வீல் ட்ரைவோடு வந்து வாசலில் நின்றார். பழசுதான், ஆனால் அவ்வளவு உயரம். அதில் ஏறுவதற்கு எனக்குச் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்க வேண்டியிருந்தது. நோர்பரியில் எந்த மலையில் ஏறப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஸ்னோ வரும்போது தெரியும் என்றார். லண்டனில் ஸ்னோ வந்தால் ஒரு நாள் நிற்கும், அடுத்த நாள் அழுக்குத் தண்ணீராய் ஓடிவிடும். அதற்கு ஒரு கார்! சொல்லி வேலையில்லை.

காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய் நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்துப் பூசை செய்தோம். அந்த நேரம் பார்த்து இவருடைய அக்கா, என் மச்சாள், கனடாவிலிருந்து வந்து நின்றா. தம்பியின் காருக்கென்று ஒரு பித்தளைப் பிள்ளையாரும், காலடியில் வைக்க ஒரு சின்ன எலியும் கொண்டுவந்திருந்தா. டாஷ்போர்ட் வளைவாக இருந்ததால் பிள்ளையார் அதில் நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தார். மச்சாள் இடம் தேடினா. கியருக்கு முன்னால் தட்டையாக ஒரு துண்டு இடம் கண்ணில் பட்டது. பசையைப் பூசி அழுத்தி ஒட்டிவிட்டா. ஐயர் கர்ப்பூரம் காட்டி முடியும்வரை இவருக்குத் தெரியாது. பிறகு வந்து பார்த்தால், பிள்ளையார் டிஃப் லொக் ஸ்விட்சுக்கு மேலே சம்மணம் கட்டி இருக்கிறார். பீடத்தின் விளிம்பு ஸ்விட்சில் பாதியை அமத்திப் பிடித்திருந்தது, மீதிப் பாதியில் எலி. வருஷத்தில் அரைவாசி நாள் ஸ்னோவுக்குள் சீவிக்கிற மச்சாளுக்கு அது என்ன ஸ்விட்ச் என்று தெரியாதாம். பூசை செய்த பிள்ளையாரைக் கிளப்பக்கூடாது, அதுவும் அக்கா கையால் வைத்தது. இவர் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு கலியாண வீடுகளில் லொக்கைப் பற்றிக் கதைத்து ஆசையைத் தீர்த்துக்கொண்டார்.

ஸ்னோ வருவதற்கு முதல் சலரோகம், அதுதான் சீனி வருத்தம், வந்தது. முதலில் கண்ணில் கைவைத்தது, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கிட்னி. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெசினோடு இணைத்து இரத்தத்தைக் கழுவுகிறார்கள். போகிற நாளில் அரை நாள் கதிரையில் அசையாமல் கிடக்க வேண்டும், மற்ற அரை நாள் வீட்டில் சுருண்டு படுப்பார். வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது, உருளைக்கிழங்கை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் சமைக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது தாகம். மூத்திரம் போகாதபடியால் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே நிற்கும், காலில் இறங்கும், கடைசியில் நெஞ்சுக்குள் ஏறும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று சின்னப் போத்தலில் அளந்து வைப்பேன். கடையில் ஊருக்கெல்லாம் சோடா விற்றவர், ஒரு மிடறு தண்ணீருக்கு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். எனக்கு என்னையே பிடிக்காத நேரம் அதுதான்.

ஆனால் ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை. அந்தக் குளிர்காலம் தொடங்கியபோது மட்டும் ஆள் கொஞ்சம் அமைதியாகிவிட்டார். வட லண்டனில், எட்மண்டனில் ஒரு கலியாண வீட்டில் பப்படம் இலையில் அப்படியே கிடந்தது. நான் அதை நோயின் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் திரைச்சீலையை விலக்கினால் ரோட்டைக் காணவில்லை. நிறுத்தியிருந்த கார்கள் எல்லாம் வெள்ளைக் கும்பங்களாய் நின்றன. வழக்கமாக இவரை ஏற்றிப் போகிற ஆஸ்பத்திரி வான் வராது என்று ரெலிபோனில் சொன்னார்கள். டயாலிசிஸ் பகுதிக்கு எடுத்துக் கேட்டேன். பாதி நேர்ஸ்மார் வரவில்லையாம், மத்தியானத்துக்குப் பிறகு புதிதாய் ஒருவரையும் மெசினில் ஏற்ற ஆளில்லையாம். பன்னிரண்டு மணிக்கு முதல் கொண்டுவந்தால் கதிரை இருக்கும், இல்லாவிட்டால் புதன்கிழமைதான் என்று நேர்ஸ் சொன்னா. அம்புலன்சுக்கு அடித்தேன். மயங்கி விழுந்துவிட்டாரா, நெஞ்சு நோகிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று உண்மையைச் சொன்னேன். காத்திருங்கள் என்றார்கள், எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மெசினில் ஏறாத உடம்பு. முதல்நாள் இரவு படுக்கமுடியாமல் கதிரையில் இருந்தே கண்ணயர்ந்தார். காலில் விரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. இவரைப் புதன்கிழமை வரைக்கும் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல எனக்கு டொக்டர் தேவையில்லை. உடுப்பைப் போடுங்கோ, பெரிய காரில் நான் கொண்டுபோகிறேன் என்றேன். ஸ்னோ அதிகம், புதன் பார்ப்போம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய சப்பாத்தை நானே மாட்டிவிட்டேன், வலது காலுக்கு இடதை.

நான் சின்னக் கார்க்காரி. பெரிய காரை, பட்டரி செத்துப் போகாமல் இருக்கட்டும் என்று இடைக்கிடை வீட்டைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து நிறுத்துகிறதோடு சரி. அதைவிட, நான் ஸ்டியரிங்கைத் தொட்டால் இவர் வாய் ஓயமாட்டார். கண்ணாடியைப் பாரும், சைக்கிள்காரன் வாறான், ஏன் இவ்வளவு பிறேக் என்று சொல்லிக்கொண்டே வருவார். அன்றைக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆளுக்கு மூச்சு வாங்குகிறது, அதுதான் என்று நினைத்தேன்.

பெரிய ரோட்டில் உப்புப் போட்டிருந்தார்கள், ஊர்ந்து போகக்கூடியதாக இருந்தது. ஆஸ்பத்திரி மேட்டுக்கு அந்தப் பக்கம். மேட்டில் ஏறுகிற ரோட்டில் உப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பாதி தூரம் நல்லாய்த்தான் ஏறியது. அப்போது ஒரு வெள்ளை நாய், ஸ்னோவுக்குள் அதைக் கண்டதே பெரிய காரியம், குறுக்கே பாய்ந்தது. பிறேக்கை மிதித்தேன். ஏற்றத்தில் நிறுத்தக்கூடாது என்று தெரியும், ஆனால் கால் கேட்டால்தானே. கார் ஓரத்துக்குச் சறுக்கி நடைபாதை விளிம்போடு போய் நின்றது.

அதோடு சரி. அக்சிலேற்றரை மிதித்தேன், கார் நகரவில்லை. பின்பக்கத்தில் ஏதோ சுற்றுகிற சத்தம் கேட்டது, உடனே எஞ்சின் அடங்கியது. முன்னால் ஒரு செம்மஞ்சள் வெளிச்சம், காருக்குப் பின்னால் இரண்டு பாம்பு நெளிகிற படம், விட்டு விட்டு எரிந்தது. இன்னும் மிதித்தேன், இன்னும் அடங்கியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சரி, பின்னுக்கு இறங்கிப் போவோம் என்று கண்ணாடியைப் பார்த்தால், கீழேயிருந்து வந்த ஒரு பார்சல் வான் மெல்லச் சுழன்று ரோட்டுக்குக் குறுக்கே போய் நின்றது. அதை ஓட்டி வந்தவர் இறங்கிப் பார்த்தார், யாருக்கோ ரெலிபோன் எடுத்தார், கதவைப் பூட்டிவிட்டு நடந்தே போய்விட்டார். இனி மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

கண்ணாடியெல்லாம் மூச்சால் மூடிக்கொண்டது. கையால் துடைத்தால் வெளியே இன்னும் பெய்துகொண்டிருந்தது. ரோட்டில் ஒரு சனமில்லை. காருக்குள் கேட்டது இவருடைய மூச்சுத்தான். உள்ளே போகிறதும் வெளியே வருகிறதும் தனித்தனியாய்க் கேட்டது. மணிக்கூடு பத்தரை தாண்டிவிட்டது. எனக்கு மூடிய இடம் என்றால் பயம், லிஃப்டில்கூட ஏறமாட்டேன். அந்தக் காருக்குள் இருந்தபோது கழுத்துக் குட்டையை அவிழ்த்தேன், ஜக்கெட்டைக் கழற்றினேன், அப்போதும் இறுக்கமாய்த்தான் இருந்தது.

இவர் தன் பக்கத்து ஜன்னலைக் கீழே விட்டார். காற்றுக்கு என்று நினைத்தேன். கையை வெளியே நீட்டி, பக்கக் கண்ணாடியின் மேலே குவிந்திருந்த ஸ்னோவை ஒரு பிடி வழித்தெடுத்தார். வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு சூப்பினார். தாடையால் தண்ணீர் வழிந்தது. இன்னொரு பிடி எடுத்தார். நான் அவருடைய கையைப் பிடித்து உதறிவிட்டு ஜன்னலை மேலே ஏற்றினேன். "உங்களுக்கென்ன விசரே?" என்று கத்தினேன். அவர் விரல் இடுக்கில் மிஞ்சியதை நக்கினார். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, அழுகை வந்ததால் இன்னும் கோபம் வந்தது.

அப்போதுதான் எனக்கு லொக் ஞாபகம் வந்தது. இந்த லொக்கைப் போட்டால் என்ன என்று கேட்டேன். இதுக்கு அது வேலை செய்யாது என்றார். அவ்வளவோடு முடித்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லொக்கைப் பற்றிக் கேட்டால் அரை மணித்தியாலம் கதைக்கிற மனுஷன் இவர். கேட்காவிட்டாலும் கதைப்பார். கதவைத் தள்ளித் திறந்து இறங்கினேன். முழங்காலுக்குக் கீழே ஸ்னோ சப்பாத்துக்குள் இறங்கியது. காரைப் பிடித்துப் பிடித்துப் பின்னுக்குப் போய்ப் பார்த்தேன். ஓரப்பக்கத்துப் பின்சில்லு சுற்றிச் சுற்றித் தனக்கென்று ஒரு குழி தோண்டி, அதைக் கண்ணாடி மாதிரி மினுக்கி வைத்திருந்தது. ரோட்டுப்பக்கத்துச் சில்லு போட்டது போட்டபடி, ஸ்னோகூடக் கலையாமல் நின்றது. ஒன்று விசர் பிடித்துச் சுற்றும், மற்றது சும்மா நிற்கும். கலியாண வீடு கலியாண வீடாய்ப் பப்படத்தை வைத்து எனக்குப் படிப்பித்த அதே பாடம், அச்சொட்டாய் அப்படியே.

திரும்பி வந்து ஏறிக் கதவைச் சாத்தினேன். 

"இஞ்சாருங்கோ, உங்களுக்குத் தெரியும்தானே? வேணுமெண்டுதானே சொல்லாமல் இருக்கிறியள்?"

"ஓம்," என்றார்.

மறுப்பார் என்று நினைத்திருந்தேன். மறுத்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அதற்குத் தயாராக இருந்தேன். 

அவர் மெல்லச் சொல்லத் தொடங்கினார், மூச்சுக்கு நடுவில் விட்டு விட்டு. காலையில் ஸ்னோவைப் பார்த்தபோது தனக்கு உடம்பெல்லாம் ஒரு ஆறுதல் வந்ததாம். இன்றைக்குப் போகத் தேவையில்லை என்று. தானாய் வேண்டாம் என்று சொன்னால் நான் அழுவேன், மகள் மான்செஸ்டரிலிருந்து ஓடிவருவாள், டொக்டர்மார் கூட்டம் வைப்பார்கள். ஸ்னோவால் போகமுடியாமல் போனால் யாரையும் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். தனக்கு அந்தக் கதிரை வெறுத்துவிட்டது என்றார். ஊசி குத்திக் குத்திக் கை மரத்த கட்டை மாதிரி ஆகிவிட்டது என்றார். ஒரு நாள் மெசின், ஒரு நாள் மெசினின் களைப்பு, அடுத்த நாள் திரும்ப மெசின், இதற்குள் தான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டார்.

"எனக்கு ஏலாது, இஞ்சேர்."

இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. கடையைக் கள்ளர் உடைத்தபோதும் சொல்லவில்லை, கண் மங்கியபோதும் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் பரிதாபம் வரவேண்டும். வந்தது பயம். தனியாய்ப் போய்விடுவேன் என்ற பயம்.

"உங்களுக்கு ஏலாது. எனக்கு நீங்கள் இல்லாமல் ஏலாது," என்றேன். "ரெண்டு ஏலாதிலை எதைப் பாக்கிறது?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.  வெளியே வைப்பர் ஒருதரம் போய் வந்தது.

பிறகு பேரம் பேசினார். கடைக்காரன்தானே. இன்றைக்கு வருகிறேன் என்றார், இனியும் வருவேன் என்றார். ஆனால் ஒருநாள் அவர் காணும், இனி மெசின் வேண்டாம் என்று சொன்னால், அதோடு நான் விட்டுவிட வேண்டும். அழலாம், ஆனால் அழுது மனதை மாற்றக்கூடாது. மகளைக் கூப்பிட்டு நெருக்கக்கூடாது. டொக்டரிடம் நானே சொல்ல வேண்டும். நான் சரி சரி என்றேன், அந்த நேரத்தில் கார் நகருமென்றால் எதற்கும் சரி என்றிருப்பேன். அது அவருக்கும் தெரியும். தன் கம்பளித் தொப்பியை என் பக்கம் சாய்த்தார்.

"என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணும்."

எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய கட்டு இல்லை. ஒருவருடைய தலையில் கைவைத்துச் செய்த சத்தியத்தை மீறினால், போவது அந்தத் தலைதான். லண்டனுக்கு வந்து இத்தனை காலமாகியும், பாங்க் கடுதாசியில் கையெழுத்து வைக்கும்போது வராத நடுக்கம் இதற்கு வரும். நான் கையை எடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

"இதென்ன சத்தியமப்பா? மீறினாலும் நீங்கள் சாவியள், மீறாட்டியும் நீங்கள்தான் சாவியள்."

அவர் சிரித்தார். உண்மையாய்ச் சிரித்தார், சிரிப்பு இருமலாய் மாறி, இருமல் மூச்சுத் திணறலாய் மாறி, உதடு நீலமாகும்வரை இருமினார். நெஞ்சைத் தடவிக்கொண்டே, தொப்பி போட்ட தலையை அப்படியே சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் வைத்தேன். கையை வைத்து ஓம் என்றேன். தொப்பிக்குக் கீழே தலை சுட்டது.

"சரி," என்றார். "முதல் உந்த நெளியிற லைற்றை நிப்பாட்டுவம்."

பழைய மனுஷன் திரும்பி வந்துவிட்டார். அந்த வெளிச்சம் ட்ராக்ஷன் கொன்ட்ரோலாம். சில்லு வழுக்குகிறது என்று தெரிந்தால் கார் தானாகவே அந்தச் சில்லுக்குப் பிறேக் போட்டு எஞ்சினையும் அடக்கும். ஓடுகிற ரோட்டில் அதுதான் காவல், ஆனால் புதைந்துபோய் நிற்கும்போது அதுவே கழுத்தை நெரிக்கும். லொக் விழுந்தால் அது தானாய் விலகிக்கொள்ளும், முதலில் நான்கு சில்லும் மெதுவாய் இழுக்கிற கியரைப் போடும் என்றார். போட்டேன். இனி லொக் என்றார். இரண்டு பேரும் பிள்ளையாரைப் பார்த்தோம்.

பிள்ளையாரைத் தான் கிளப்பமாட்டேன் என்று கையை மடக்கிக்கொண்டார். சாவுக்குப் பேரம் பேசுகிற ஆளுக்குப் பாவத்துக்குப் பயம். நான் கண்ணாடி சுரண்டுகிற தகட்டை எடுத்தேன். "அப்பனே, விக்கினம் தீர்க்கிறவர் நீர், இப்ப நீர்தான் விக்கினம், கொஞ்சம் தள்ளியிரும்" என்று சொல்லிப் பீடத்துக்குக் கீழே தகட்டை ஓட்டி நெம்பினேன். மச்சாளின் பசை லேசுப்பட்டதல்ல. மூன்றாம் நெம்பில் படாரென்று கிளம்பி என் மடியில் வந்து விழுந்தார். எலி கிளம்பவில்லை. அது ஸ்விட்சின்மேல் ஒட்டியபடியே இருந்தது. எலியின் முதுகில் விரலை வைத்து அமத்தினேன்.

முன்னால் வேறொரு வெளிச்சம் மினுங்கியது. மினுங்கினால் இன்னும் விழவில்லை, மெல்ல அசையும், அசையும்போதுதான் பூட்டு விழும் என்றார். மெல்ல, இன்னும் மெல்ல, முட்டையில் கால் வைக்கிற மாதிரி வையும் என்றார். வைத்தேன். கீழே ஒரு இரும்புச் சத்தம் கேட்டது. வெளிச்சம் மினுங்காமல் நின்று எரிந்தது. கார் ஒருதரம் குலுங்கி, குழியின் விளிம்பைப் பிடித்து, ஊரத் தொடங்கியது.

நிறுத்தாதையும், கூட்டாதையும், இதே அளவு என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் கேட்க மறுத்து நேரேயே போகப் பார்த்தது. பூட்டினால் அப்படித்தான், இரண்டு சில்லும் ஒரே வேகம், திரும்ப விடாது என்றார். மேட்டின் உச்சிக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். அங்கே ரோட்டு இரண்டாகப் பிரிகிறது. நேரே போனால் வீட்டுக்குச் சுற்றிப் போகலாம், வலப்பக்கம் ஆஸ்பத்திரி. நான் அவரைப் பார்த்தேன்.

"லொக்கை எடும்," என்றார். "திரும்பேக்கை இழுக்கும்."

எலியை அமத்தினேன். வலப்பக்கம் திருப்பினேன். இறக்கத்தில் பிறேக்கைத் தொடாமல் கியரிலேயே இறக்கி, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முதல் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். நேர்ஸ் கதிரையைத் தயாராய் வைத்திருந்தா. மெசினில் ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் மூச்சுச் சத்தம் தணிந்தது. பக்கத்துக் கதிரையில் கிடந்த ஜமேக்காக் கிழவரிடம் தன் மனுஷி எப்படி டிஃப் லொக் போட்டு மேட்டில் ஏறினவ என்று ஆங்கிலத்தில் விளாசிக்கொண்டிருந்தார். ஆளுக்கு உயிர் வந்துவிட்டது. நான் அப்போதுதான் சுவரோடு சாய்ந்து கீழே இருந்துவிட்டேன். ஸ்னோவுக்குள் பயந்துபோய்விட்டேனாக்கும் என்று நேர்ஸ் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தா.

மகளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. யாருக்குத்தான் சொல்லலாம்? அவர் எனக்காக வருகிறார், எனக்குத் தெரியும். நான் அவரை விட்டுவிட ஒத்துக்கொண்டுதான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறேன். சத்தியத்தை அவர் ஒருதரமும் ஞாபகப்படுத்தவில்லை. சில இரவுகளில் நினைப்பேன், மீறிவிடலாம், தலையில் கைவைத்தால் என்ன, இதெல்லாம் பழைய ஆட்களின் கதை என்று. பிறகு அந்தத் தொப்பியின் சூடு உள்ளங்கையில் வரும். மீறமாட்டேன். அந்த நாள் வந்தால் நானே டொக்டருக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லுவேன். சொல்லிவிட்டு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

திங்கள், புதன், வெள்ளி, வான் வந்து ஹோண் அடிக்கும். அவர் வாசலுக்கு வந்து, சப்பாத்தைப் போட்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து வாயைத் திறப்பார். ஒவ்வொரு முறையும், காணும் என்ற சொல்தான் வரப்போகிறது என்று நினைப்பேன். நேற்றும் அப்படித்தான். கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றேன். அவர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"திறப்பை எடுத்தனீரே?" என்று கேட்டார்.

சாவிக்கொத்தைக் காட்டி, எடுத்தனான் என்றேன்.